பாகங்கள் வாங்கி வீட்டிலேயே சைக்கிள் பூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு ஃபிரேமைத் தூக்கி வந்தேன். மீதியை ஒவ்வொன்றாக வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து ஒரு சைக்கிள் பூட்டினேன். நான் மெக்கானிக் இல்லை, கடையில் கணக்கு எழுதுகிறவன். அந்த சைக்கிளில்தான் இப்போதும் வேலைக்குப் போகிறேன். பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை. எல்லாமே நம்மூர்ப் பெரிய சைக்கிளை, அதாவது பார் வைத்த 28 அங்குல ரோட்ஸ்டரை, வைத்துச் சொல்பவை.

பயிற்சி இல்லாதவர் வீட்டில் பூட்ட முடியுமா?

முடியும். யோசித்துப் பாருங்கள்: இந்தப் பெரிய சைக்கிள் கம்பெனியிலிருந்து ஓடுகிற நிலையில் கடைக்கு வந்ததே இல்லை. ஃபிரேம் தனி, ரிம் தனி, மட்கார்டு தனி என்று கட்டுக் கட்டாக வரும். காசைக் கட்டிவிட்டு வாசலில் காத்திருப்போம். கடைப் பையன் கம்பி கோத்து, சக்கரத்தின் கோட்டம் எடுத்து, மணி கட்டிக் கையில் கொடுப்பான். அவன் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதை நாம் ஒரு மாதத்தில் முடிக்கப்போகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

காசு மிச்சமாகுமா?

ஆகாது. பாகம் பாகமாகச் சில்லறையில் வாங்கினால் புது சைக்கிள் விலையைத் தாண்டிவிடும். கருவிகள் செலவு வேறு. ஏற்கெனவே வீட்டில் ஒரு பழைய சைக்கிள் கிடந்து, அதில் பாதி தேறும் என்றால் மட்டும் கணக்கு நமக்குச் சாதகமாக வரும். மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏன் ரோட்ஸ்டர்? கியர் சைக்கிள் கூடாதா?

ரோட்ஸ்டரின் அளவுகள் பழைய ஆங்கிலேய சைக்கிள்களின் வழி வந்தவை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் இங்கிலாந்துக் கூட்டோடு தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். 1956-இல் லூதியானாவில் வந்த ஹீரோவும் பெரிய சைக்கிளை அதே அச்சில்தான் செய்தது. அதனால் ஒரு கம்பெனி ஃபிரேமில் இன்னொரு கம்பெனி வீல், மூன்றாவது ஒருவரின் செயின் என்று பெரும்பாலும் கலந்து பூட்ட முடிகிறது. சின்ன ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். எல்லா பாகமும் கண்ணுக்குத் தெரியும், எல்லாவற்றையும் ஸ்பேனராலேயே கழற்றலாம்.

கியர் சைக்கிளில் பின் ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளையின்) அகலம், கேபிள், ஷிஃப்டர் என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டியவை ஏராளம். அதை இரண்டாவது சைக்கிளாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேடீஸ் ஃபிரேம் கிடைத்தால்?

தாராளமாகப் பூட்டலாம், முறை ஒன்றுதான். ஆனால் பார் வைத்த சைக்கிள் ஆண்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். பிள்ளையை உட்காரவைக்க ஒரு பார் இருக்கிறதே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

பழைய ஃபிரேம் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஹேண்டில்பார் உட்காரும் தலைக் குழாய்க்குப் பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருக்கம் விழுந்திருந்தாலோ லேசாக வீங்கியிருந்தாலோ அந்த சைக்கிள் எங்கேயோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. வேண்டாம்.

அடுத்து நூல் சோதனை. பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் தலைக் குழாயைச் சுற்றி, மறு பக்கத்தில் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் போகட்டும். அதற்கு மேல் என்றால் ஃபிரேம் கோணல்.

மூன்றாவது, சீட் பைப்பு, அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் பைப்பு. துருப்பிடித்து உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் விலை பாதியாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். நான் நகரவில்லை. அந்தப் பைப்பைக் கழற்ற மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஒரு வாரம் போனது.

என்னென்ன கருவிகள்?

ஸ்பேனர் செட் ஒன்று, நிப்பிள் சாவி (சக்கரக் கம்பியின் முனையில் இருக்கும் சின்ன நட்டைத் திருப்ப), சுத்தியல், தட்டை அரம், குறடு, ஃப்ரீவீல் கழற்றுகிற கட்டை, ஒரு டப்பா கிரீஸ், பழைய பனியன் துணி. அப்புறம் ஒரு தாம்பாளம். சிரிக்க வேண்டாம். பால்ரஸ் குண்டு (அச்சு சுழல உள்ளே போடும் சின்ன இரும்புக் குண்டு) சிதறினால் திண்ணையிலிருந்து சாக்கடைக்கு நேர்வழி. விளிம்பு உயர்ந்த தாம்பாளத்தில் வைத்து வேலை செய்தால் அம்மா திட்டுவார்கள், ஆனால் குண்டு தப்பிக்கும். உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது.

டயர் கேட்டால் கடைக்காரர் “எந்த 28?” என்கிறார். என்ன சொல்வது?

அவர் சரியாகத்தான் கேட்கிறார். 28 என்பது டயரின் வெளி விட்டத்தை ஒட்டி எப்போதோ வைத்த பெயர். ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. பெரிய சைக்கிளின் 28 x 1½ ரிம்முக்கு அது 635 மில்லிமீட்டர். இப்போதைய 700சி சைக்கிளையும் சிலர் 28 என்பார்கள், அது 622. பதின்மூன்று மில்லிமீட்டர்தானே என்று இழுத்து மாட்ட முடியாது. டயரின் பக்கவாட்டில் 40-635 என்று சின்னதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஃபோர்க்கையும் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பெடல் அச்சையும் (ஃபிரேமின் அடியில் இரண்டு கிராங்கையும் இணைக்கும் அச்சு) முதலில் பூட்டுங்கள். பிறகு சக்கரங்கள், பிறகு மட்கார்டு, பிரேக், செயின். சீட்டும் ஹேண்டில்பாரும் கடைசியில். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதால் மணி, டைனமோ விளக்கு போன்றவற்றை அவசரப்பட்டு மாட்டினால் அவைதான் முதலில் உடையும்.

பால்ரஸ் எத்தனை போட வேண்டும்?

வழக்கமான கணக்கு இது: முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, குண்டின் அளவு 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு 1/4 அங்குலம். பெடல் அச்சில் பக்கத்துக்கு 11, அதுவும் 1/4. ஹேண்டில் கப்புகளில் (கப்பு என்பது குண்டுகள் உட்காரும் கிண்ணம்) கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணிக்கை மறந்தால் கவலை இல்லை. கப்பில் கிரீஸ் பூசி, குண்டுகளை நெருக்கமாக அடுக்கி நிரப்பி, ஒன்றை வெளியே எடுத்துவிடுங்கள். குண்டுகள் உருள அந்த இடம் வேண்டும். ஒரு குண்டு தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் குண்டுகள் முழுவதையும் மாற்றுங்கள். பழசும் புதுசும் கலந்தால் பெரிய குண்டுகள் மட்டும் பாரம் தாங்கிக் கப்பைக் கடித்துவிடும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

இதுதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் படம் பார்த்துச் செய்துவிடலாம், இதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஹப்பை எடுத்துக்கொள்வோம். கோனை (அச்சில் திருகும் கூம்பு நட்டை) கையால் திருகி, குண்டைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றுங்கள். மணலில் உருளுவது போல் கரகரவென்று இருந்தால் இறுக்கம் அதிகம். அச்சை மேலும் கீழும் அசைத்தால் டக் டக் என்று இடித்தால் தளர்வு. இரண்டும் இல்லாத ஓர் இடம் உண்டு, அது கால் சுற்றுக்கும் குறைவான இடம். அதைப் பிடித்த பிறகு பூட்டு நட்டை முறுக்கினால், அதுவே கோனை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளும். ஆகவே ஒரு மயிரளவு தளர்வாக விட்டுவிட்டு நட்டை முறுக்க வேண்டும். முதல் ஹப்புக்கு எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. நாலாவது கப்புக்குப் பத்து நிமிடம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சக்கரத்தைப் பூட்டியபின் சைக்கிளைத் தூக்கி விடுங்கள். சக்கரம் மெல்ல ஆடி, வால்வு இருக்கும் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அப்படி நின்றால் ஹப் நல்லபடியாக அமைந்திருக்கிறது.

மரை திரும்பவே மாட்டேன் என்கிறது. எண்ணெய் விட்டு அடிக்கலாமா?

அடிக்கும் முன் எந்தப் பக்கம் என்று பாருங்கள். சைக்கிளில் இரண்டு இடத்தில் எதிர் மரை இருக்கிறது. இடது கால் பெடல் ஒன்று. செயின் இருக்கும் வலது பக்கத்து பெடல் அச்சுக் கப்பு இன்னொன்று. இரண்டையும் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

ஏன் இப்படி? பெடல் மிதிக்கும்போது அதன் அச்சு மரைத் துளைக்குள் மிக மெல்லிய அளவில் உருண்டு நகர்கிறது. அந்த உருளல் திசை, பெடல் சுற்றும் திசைக்கு எதிர். இரண்டு பக்கமும் ஒரே மரை வைத்தால் இடது பெடல் ஓட்ட ஓட்டத் தானே கழன்று விழும். இதை அறியாமல் வலது கப்பை “வழக்கமான” பக்கம் திருப்பி, ஸ்பேனரில் குழாய் செருகி ஏறி மிதித்தேன். கப்பு நகரவில்லை, ஸ்பேனரின் வாய் விரிந்தது.

காட்டர் பின் அடிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கிராங்கை, அதாவது பெடலைத் தாங்கும் கையை, பெடல் அச்சோடு சேர்க்கும் ஆப்பு இது. ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக இருக்கும், நுனியில் ஒரு சின்ன நட்டு. பொதுவாகக் கிடைப்பது ஒன்பதரை மில்லிமீட்டர் தடிமன். நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான்.

முதலில் திசை. இரண்டு கிராங்குகளின் பின்களும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் போக வேண்டும். ஒரு கிராங்க் மேல் நோக்கி நிற்கும்போது அதன் நட்டு முன்புறம் பார்த்தால், மற்ற கிராங்க் மேலே வரும்போது அதன் நட்டும் முன்புறமே பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. ஓட்டும்போது ஒரு கால் நொண்டுவது போலிருக்கும். நான் இரண்டு நாள் அப்படி ஓட்டிவிட்டு என் முழங்காலைச் சந்தேகப்பட்டேன்.

அடுத்தது அடி. நட்டை முறுக்கி பின்னை உள்ளே இழுக்கக் கூடாது, மரை உரிந்துவிடும். சுத்தியலால்தான் அடிக்க வேண்டும். அப்படி அடிக்கும்போது கிராங்கின் அடியில், பின்னின் வாய்க்கு நேராக, தரையில் ஊன்றிய ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடியின் வேகம் முழுவதும் அச்சு வழியாகப் பால்ரஸில் இறங்கிக் கப்பில் குழி விழும். அடித்தபின் நட்டைப் பிடிமானத்துக்காக மட்டும் முறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தட்டு, மறுபடி நட்டு. காட்டர் பின் துளைக்குள் போகவே இல்லை என்றால் அதன் தட்டைப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். ஒரே மூச்சில் தேய்த்து ஒரு பின்னை வீணாக்கியவன் சொல்கிறேன்.

வீல் நாமே கட்டலாமா, கட்டின வீலாகவே வாங்கலாமா?

கட்டின வீல் கிடைக்கும். ஆனால் இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்துக்கு 40. பாரம் பின்னால்தானே. வாங்கும்போது ரிம்மின் துளையும் ஹப்பின் துளையும் ஒரே எண்ணிக்கையா என்று எண்ணிவிடுங்கள்.

முன் சக்கரத்தில் தொடங்குங்கள். ஹப்பின் ஒரு பக்கத் தட்டில் 16 துளை. ஒன்று விட்டு ஒன்றாக எட்டுக் கம்பி போட்டு, ரிம்மில் நாலு துளைக்கு ஒன்றாக மாட்டுங்கள். மறு பக்கத்திலும் எட்டு. பிறகு ஹப்பைக் கையால் முறுக்கினால் எல்லாக் கம்பியும் ஒரே பக்கம் சாயும். மீதிக் கம்பிகளை எதிர்ப் பக்கமாகச் சாய்த்துக் கோக்க வேண்டும். ஒவ்வொன்றும் அதே பக்கத்து மூன்று கம்பிகளைக் கடந்து போகும். முதல் இரண்டுக்கு வெளியே என்றால், மூன்றாவதற்கு உள்ளே. எழுதினால் தலை சுற்றுகிறது, தெரியும். கட்டின பழைய வீல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கோத்துக்கொண்டே போங்கள், அதுதான் சிறந்த குரு. வால்வு துளைக்கு இரண்டு பக்கமும் கம்பிகள் விலகி நிற்கின்றனவா என்று மட்டும் கடைசியில் பாருங்கள். இல்லையென்றால் பம்பு மாட்டக் கை நுழையாது.

எல்லா நிப்பிளையும் கம்பியின் மரை மறையும் வரை ஒரே அளவாக ஏற்றுங்கள். பிறகு வால்வு துளையில் தொடங்கி ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. ஒரு வட்டம் முடிந்தால் இன்னொரு அரைச் சுற்று. கம்பி விறைக்கத் தொடங்கியதும் கோட்டம் எடுக்கும் வேலை.

இதற்குத் தனிக் கருவி வேண்டாம். சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தை ஃபோர்க்கிலேயே மாட்டி, ஃபோர்க் காலில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸைப் பிடித்து ரிம்மை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். கோட்டமுள்ள இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். கோடு வலது பக்கம் விழுந்தால், அந்த இடத்தில் இடது பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, வலது பக்கக் கம்பிகளைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ரிம் மேடாக எழும்பினால் அந்த இடத்து இரு பக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்க வேண்டும். எப்போதும் கால் சுற்றுதான். அவசரப்பட்டு முழுச் சுற்று கொடுத்தால் கோட்டம் எதிர்ப் பக்கம் ஓடிவிடும், பின்னாலேயே நீங்களும் ஓட வேண்டும்.

பின் சக்கரத்தில் ஃப்ரீவீல் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் கொஞ்சம் கூடுதலாக விறைத்திருக்கும். ரிம் ஃபிரேமின் நடுவில் நிற்க அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரலால் சுண்டினால் ஏறத்தாழ ஒரே சுருதி வர வேண்டும். ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டால் அது வேலை செய்யவில்லை.

முடித்ததும் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் இறுக்கிப் பிடித்து அமுக்குங்கள். கிட் கிட் என்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் சரியாக உட்காருகின்றன. மறுபடி சாக்பீஸ்.

என் முதல் வீலைத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எழுபது வயதுக்காரர். சுற்றிவிட்டு, பார்க்காமல், காதைக் கொடுத்துக் கேட்டார். “தம்பி, ஒண்ணு லூசா இருக்கு, தேடு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருந்தது.

செயின், பல் கணக்கு?

செயின் ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். ஒற்றைச் சக்கரப் பல்லுக்கு 1/8 அங்குல அகலச் செயின் வாங்குங்கள், கியர் சைக்கிளின் ஒல்லிச் செயின் ஏறாது. பூட்டியபின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் ஆட வேண்டும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்கட்டும். என்னுடையதில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்கு (பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு) ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர்.

பழைய செயினைப் போடுவதானால் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் நீண்டிருந்தாலே தூக்கிப் போடலாம்.

பிரேக்கை எப்படி வைப்பது?

கம்பி பிரேக்கில் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) கட்டைகள் ரிம்மின் உள்முகத்தைப் பிடிக்கும். கட்டைக்கும் ரிம்முக்கும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு, லிவரை விட்டதும் கட்டை தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். மழையில் இரும்பு ரிம் நனைந்தால் இந்த பிரேக் பிடிப்பது மிகவும் குறைந்துவிடும். எவ்வளவு நன்றாகப் பூட்டினாலும் அப்படித்தான். மழையில் மெதுவாகப் போவதுதான் மருந்து.

காற்று நிற்கவே இல்லை, டியூப் புதுசு.

வால்வு ட்யூப்பைப் பாருங்கள். உள்ளே செருகும் அந்தச் சின்ன ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது பாதி வரை மட்டும் ஏறியிருக்கும். எச்சில் தொட்டு அடி வரை ஏற்றுங்கள். அதுவும் சரி என்றால், ரிம்மின் உட்புறம் ரிம் டேப் ஒட்டினீர்களா? கம்பி முனைகள் நிப்பிளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அரத்தால் ராவி விடுங்கள்.

ஓட்டத் தொடங்கிய பிறகு?

முதல் வாரம் ஒரு ஸ்பேனர் பையில் இருக்கட்டும். காட்டர் பின், சக்கர நட்டு, ஹேண்டில் தண்டு மூன்றையும் தினம் பாருங்கள். வாரக் கடைசியில் கோட்டம் ஒரு தடவை.

எல்லாம் பூட்டி முடித்தேன், ஒரு வாஷர் மிச்சம். என்ன செய்வது?

முதலில் இரண்டு சக்கர அச்சுகளின் நட்டுக்கு அடியில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உடனே போடுங்கள், அது இல்லாமல் ஓட்டக் கூடாது. பிறகு மட்கார்டு கம்பிகள், கேரியர், ஸ்டாண்டு, சீட் கிளிப் என்று வரிசையாக. எல்லா இடத்திலும் இருக்கிறது என்றால் கடைக்காரர் ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பார். என்னிடம் மிஞ்சியது இன்னும் கிரீஸ் டப்பா மூடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. மாதம் ஒரு தடவை சைக்கிளைச் சுற்றி வந்து தேடுகிறேன்.